பேரார்வம் உள்ளவர்கள் மட்டும் விண்ணப்பிக்கவும்

பிளஸ் டூ முடிவு வெளியாகும் வாரத்தில் நாளிதழைப் பிரித்தால் செய்தியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு கல்லூரி விளம்பரம். பொறியியல், நர்சிங், விஸ்காம் என்று பழகிப்போன வரிசையின் கடைசியில் கொஞ்ச வருஷமாக ஒரு புதுப் பெட்டி முளைத்திருக்கிறது: கேம் டிசைன். ஹெட்போன் மாட்டிய பையன், கையில் கன்ட்ரோலர், பின்னால் ஊதா வெளிச்சம். விளையாடிக்கொண்டே சம்பாதிக்கலாமாம். கட்டணம் எவ்வளவு என்பது மட்டும் பொடி எழுத்தில் இருக்கும். பொடி எழுத்தில் இருப்பதுதான் உண்மை என்று சீட்டுக் கம்பெனிக் காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். தெரிந்தும் கையெழுத்துப் போட்டுத்தானே பழக்கம்.

பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டதும் வீட்டில் அப்பா முதலில் பதறுவது ரம்மி ஆப்பை நினைத்து. அவரைக் குறை சொல்ல முடியாது. ஆன்லைன் சூதாட்டத்தைத் தடைசெய்ய இரண்டு முறை சட்டமன்றத்தில் மசோதா நிறைவேற்றி, ஆளுநர் மாளிகை வாசலில் காத்துக்கிடந்து, 2023 ஏப்ரலில் சட்டம் வாங்கிய மாநிலம் இது. அது வேறு, இது வேறு என்று அவரைச் சமாதானப்படுத்திவிடலாம். பதில் சொல்ல முடியாத கேள்வி தாத்தாவிடமிருந்து வரும்: "வெளையாட்டு செய்யறவனுக்கு எவன்டா சம்பளம் குடுப்பான்?"

பெரியவர் வீடியோ கேமை வாழ்க்கையில் தொட்டதில்லை. ஆனால் இந்தத் தொழிலின் ஐம்பது வருஷச் சம்பளப் பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் பிடித்துவிட்டார்.

விளம்பரம் சொல்லாத ஒன்றை முதலில் சொல்லிவிடலாம்: வேலை என்ன? கேம் டிசைனர் படம் வரைகிறவர் அல்ல, அதற்கு ஆர்ட்டிஸ்ட் இருக்கிறார். நிரல் எழுதுகிறவரும் அல்ல, அதற்கு புரோகிராமர் இருக்கிறார். விதிகளைச் செய்கிறவர்தான் டிசைனர். எத்தனை அடி பட்டால் எதிரி சாக வேண்டும், கதவுக்கும் சாவிக்கும் எவ்வளவு தூரம், எந்த இடத்தில் பயம், எந்த இடத்தில் மூச்சு விட அவகாசம் என்பதையெல்லாம் முடிவு செய்வது அவர். ஊதா வெளிச்சத்தைவிட எக்செல் தாளின் வெளிச்சத்தில்தான் முக்கால்வாசி நாள் கழியும்.

1985இல் நின்டெண்டோ வெளியிட்ட சூப்பர் மரியோ பிரதர்ஸின் முதல் கட்டத்தைப் பாருங்கள். எப்படி விளையாடுவது என்று திரையில் ஒரு வரி கிடையாது. இடது ஓரத்தில் மரியோ. வலது பக்கம் திறந்து கிடக்கிறது. நாலடி நடந்தால் முறைத்த முகத்தோடு ஒரு கூம்பா எதிரே வருகிறது. நின்றால் சாவு, குதித்தால் பிழைப்பு. நாலைந்து விநாடியில் பாடம் முடிந்தது. வாத்தியார் இருந்த சுவடே இல்லை. அதன் டிசைனர்களான மியாமோட்டோவும் டெசுகாவும் அந்தச் சின்ன எதிரியை அங்கே நிறுத்தியது தற்செயல் அல்ல. அதுதான் டிசைன்.

இன்னொரு நுட்பம். மேடையின் விளிம்பிலிருந்து கால் வழுவிய பிறகும் கண்ணிமைக்கும் நேரம் குதிக்க அனுமதிக்கும் கேம்கள் உண்டு. கணக்குப்படி பாத்திரம் ஏற்கெனவே அந்தரத்தில் இருக்கிறது. இருந்தும் கேம் கண்டுகொள்ளாது. கார்ட்டூனில் அந்தரத்தில் ஓடிவிட்டுக் கீழே பார்த்த பிறகே விழும் கொயோட்டியின் நினைவாக இதற்குக் 'கொயோட்டி டைம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விளையாடுகிறவருக்கு இப்படி ஒரு கருணை காட்டப்படுவதே தெரியாது. தன் திறமையால் தப்பித்தோம் என்று மகிழ்ந்து போய்க்கொண்டே இருப்பார்.

இவ்வளவுக்கும் அடியில் ஒரு தத்துவம் உண்டு. தோற்றவர் கேமைத் திட்டக் கூடாது. "சே, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்று தன்னையே நொந்துகொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்ல டிசைனுக்கு இதுவே உரைகல். விளையாடுகிறவருக்காக டிசைனர்கள் கண்டெடுத்த இந்தத் தத்துவத்தை முதலாளிகள் டிசைனர்கள்மேலேயே ஏவிவிட்டார்கள். தோற்கும்படி விதியைப் போட்டுவிட்டு, தோற்றவனைத் தன்னையே குறை சொல்ல வைப்பது. இந்தத் தொழிலுக்குள் நுழைவது முதல் வெளியே தள்ளப்படுவது வரை நடப்பதெல்லாம் அதுதான்.

நுழைவாயிலில் தொடங்குவோம். 'ஜூனியர் கேம் டிசைனர் தேவை. மூன்றாண்டு அனுபவம், வெளியான கேம் குறைந்தது ஒன்று, பேரார்வம்.' ஜூனியர் என்றால் முதல் வேலை. முதல் வேலைக்கு மூன்று வருஷ அனுபவம். கல்யாணமாகாத பையன் வேண்டும், இரண்டு குழந்தைக்கு அப்பாவாக இருந்தால் முன்னுரிமை என்பதுபோல. அதையும் தாண்டி ஒருவர் போனால் 'டிசைன் டெஸ்ட்' காத்திருக்கிறது: ஒரு முழுக் கட்டத்தை வடிவமைத்து, வரைபடம் போட்டு, ஆவணம் எழுதி அனுப்ப வேண்டும். ராப்பகலாக உட்கார்ந்தால் சில நாளில் முடியும். கூலி பெரும்பாலும் கிடையாது, பதிலும் பெரும்பாலும் வராது. வந்தால் அதில் 'உங்கள் ஆர்வத்துக்கு நன்றி' என்று இருக்கும். அந்த நன்றியை எந்த மளிகைக் கடையிலும் மாற்ற முடியாது.

கெஞ்சின் இம்பாக்ட் என்ற கேமில் காசு கட்டிப் பாத்திரங்களைக் குலுக்கல் முறையில் எடுக்கலாம். பணம் பிடுங்கும் ஏற்பாடுதான். ஆனால் அதில்கூட 'பிட்டி' என்று ஒரு விதி உண்டு. அதிகபட்சம் 90 குலுக்கலுக்குள் ஐந்து நட்சத்திரப் பாத்திரம் ஒன்று நிச்சயம் கைக்கு வந்துவிடும். சூதாட்டத்துக்கு ஒன்றுவிட்ட தம்பியான, 'காச்சா' எனப்படும் இந்தக் குலுக்கலுக்கு இருக்கும் இரக்கம் வேலைக்கு ஆளெடுப்பவர்களுக்கு இல்லை. 90 விண்ணப்பம் போடுங்கள், 900 போடுங்கள். எந்த எண்ணிக்கையிலும் கதவு திறக்கும் என்று எவரும் எழுதிக் கொடுக்கவில்லை. திறக்காதபோது பையன் என்ன சொல்வான்? "என் போர்ட்ஃபோலியோ சரியில்ல அண்ணா." வேலை செய்கிறது தத்துவம்.

இது நேற்று வந்த நோய் என்று நினைக்க வேண்டாம். 1970களின் கடைசியில் அட்டாரியில் ஒரே ஆள் ஒரு கேமை முழுதாக யோசித்து, எழுதி, ஒலி சேர்த்து முடித்தார். அட்டையில் அவர் பெயர் இருக்காது. விற்பனை கோடிகளில் போனாலும் பங்கு இருக்காது. போய்க் கேட்டவர்களிடம், துண்டுக்குப் பூ வேலை டிசைன் செய்கிறவர்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம் என்கிற ரீதியில் பேசினாராம் தலைவர் ரே கஸ்ஸார். அவர் ஜவுளித் துறையிலிருந்து வந்தவர். வாரன் ராபினெட் என்ற டிசைனர் சண்டை போடவில்லை. 'அட்வென்ச்சர்' கேமுக்குள் ஒரு ரகசிய அறை கட்டி, அதில் தன் பெயரை ஒளித்து வைத்துவிட்டு வேலையை விட்டுப் போனார். பிறகு விளையாடிய பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். இன்றைக்கு 'ஈஸ்டர் எக்' என்று கொண்டாடுகிறோம். கொண்டாட என்ன இருக்கிறது? தன் உழைப்பில் தன் பெயரைத் திருட்டுத்தனமாகப் போட வேண்டியிருந்த தொழிலாளியின் புகார் மனு அது.

அதே அட்டாரி 1982இல் ஈ.டி. படத்தை கேமாக்கும் வேலையை ஹோவர்ட் ஸ்காட் வார்ஷாவிடம் தந்தது. கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வர வேண்டும். அவகாசம் ஐந்து வாரம். செய்து கொடுத்தார். விற்காமல் திரும்பிய சரக்கை 1983இல் மற்றக் கேம்களோடு சேர்த்து நியூ மெக்சிகோவின் அலமகோர்டோ குப்பைமேட்டில் புதைத்தார்கள். 2014இல் அதைத் தோண்டி எடுத்துப் படமும் எடுத்தார்கள். உலகின் மோசமான கேம் என்ற பட்டம் இன்னமும் வார்ஷாவின் தலையில். ஐந்து வாரத்தில் முடி என்று சொன்ன மேனேஜர்களைத் தேடி எவரும் மண்வெட்டி எடுத்துப் போகவில்லை.

பெயரும் பங்கும் வேண்டும் என்று அதற்கு முன்பே நாலு டிசைனர்கள் அட்டாரியை விட்டு வெளியேறினார்கள். 1979இல் அவர்கள் தொடங்கிய நிறுவனத்தில் டிசைனரின் பெயர் அட்டையிலேயே வந்தது. அந்த நிறுவனத்தின் பெயர் ஆக்டிவிஷன். கைதட்டலாம். தட்டிவிட்டு நாற்பது வருஷம் தள்ளி வாருங்கள். 2019 பிப்ரவரியில் ஆக்டிவிஷன் பிளிசார்டு, முந்தைய ஆண்டுதான் தன் வரலாற்றிலேயே அதிக வருவாய் ஈட்டிய ஆண்டு என்று அறிவித்தது. அதே நாளில் ஊழியர்களில் சுமார் 8 சதவீதத்தை வீட்டுக்கு அனுப்பப்போவதாகவும் அறிவித்தது. அப்போதைய தலைவர் பாபி கோட்டிக்கின் 2020ஆம் ஆண்டு ஊதியக் கணக்கு 15 கோடி டாலருக்கும் மேல். பங்கு கேட்டுப் பிறந்த வீட்டில் பங்கு எங்கே போனது என்று இனிமேல் ஆராய்ச்சி தேவையில்லை.

அடுத்தது 'கிரஞ்ச்'. கேம் வெளியாகும் தேதி நெருங்கும்போது வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ராப்பகல் உழைப்பு. 2004இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் ஊழியர் ஒருவரின் துணைவி, பெயர் போடாமல், இணையத்தில் எழுதினார்: காலை ஒன்பது முதல் இரவு பத்து வரை, வாரத்தில் ஏழு நாளும், ஒழுங்காக நடந்துகொண்டால் எப்போதாவது சனிக்கிழமை சாயங்காலம் விடுப்பு. எழுதியவர் எரின் ஹாஃப்மன் என்று பின்னால் தெரிந்தது. அந்தக் காலகட்டத்தில் தொடுக்கப்பட்ட ஓவர்டைம் வழக்குகளில் ஆர்ட்டிஸ்ட்களுக்கு 1.56 கோடி டாலரும் புரோகிராமர்களுக்கு 1.49 கோடி டாலரும் கொடுத்து நிறுவனம் சமரசம் செய்துகொண்டது. கவனியுங்கள்: கோடிகளைக் கறந்தது ஆர்வம் அல்ல, வழக்கு.

பாடம் படித்தார்களா? 2010இல் ராக்ஸ்டார் சான் டியேகோ ஊழியர்களின் மனைவிமார் இதே புகாரோடு வந்தார்கள். 2018இல் அதே ராக்ஸ்டாரின் டான் ஹவுசர், ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2க்காக வாரம் 100 மணி நேரம் உழைத்தோம் என்று பெருமையாகப் பேட்டி கொடுத்தார். ஊர் கொதித்ததும், அது எழுத்துக் குழுவின் நாலு பேரை மட்டும், அதுவும் மூன்று வாரத்தை மட்டும் குறித்தது என்று விளக்கம் வந்தது. போலந்தின் சிடி புராஜெக்ட் ரெட், கட்டாயக் கிரஞ்ச் கிடையாது என்று 2019இல் வாக்குக் கொடுத்தது. 2020இல் வாரம் ஆறு நாள் வரச் சொன்னது. அந்த உழைப்பையெல்லாம் விழுங்கிவிட்டு டிசம்பர் 10 அன்று வெளியான சைபர்பங்க் 2077, பழைய கன்சோல்களில் ஓடாமல் திணறி, எட்டு நாளுக்குள் சோனியின் கடையிலிருந்தே இறக்கப்பட்டது. உழைப்பை இரட்டிப்பாக்கினால் தரம் இரட்டிக்கும் என்று நம்பும் மேனேஜருக்கு, ஒன்பது பெண்களைச் சேர்த்தால் ஒரே மாதத்தில் பிள்ளை பெறலாம் என்றும் தோன்றும்.

உழைத்தவரின் பெயராவது கேமின் கடைசியில் ஓடுமா? அதுவும் உத்தரவாதமில்லை. 2011இல் வந்த எல்.ஏ. நுவாரில் வேலை பார்த்த நூற்றுக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பட்டியலில் விடுபட்டன. முன்பே வேலையை விட்டுப் போனால் பெயரும் போய்விடும் என்பது இந்தத் தொழிலின் எழுதாத விதி. அடுத்த வேலைக்கு 'வெளியான கேம்' கேட்பார்கள் என்று மேலே பார்த்தோமே, அதோடு இதைச் சேர்த்துப் படியுங்கள். வருஷக்கணக்கில் உழைத்தவர் காகிதத்தில் உழைக்கவே இல்லை. மறுபடி ஜூனியர்.

சரி, பொறுத்துக்கொண்டு, உழைத்து, உலகமே மெச்சும் கேமைச் செய்துவிட்டால்? டோக்கியோவின் டேங்கோ கேம்வொர்க்ஸ் 2023 ஜனவரியில் ஹை-ஃபை ரஷ் என்ற கேமை வெளியிட்டது. எக்ஸ்பாக்ஸ் பிரமுகர்களே பெரிய வெற்றி என்று பாராட்டினார்கள். 2024 ஏப்ரலில் பாஃப்டா விருது வாங்கியது. மே மாதம் முதல் வாரத்தில் மைக்ரோசாஃப்ட் தன் வசமிருந்த அந்த ஸ்டூடியோவையே மூடப்போவதாக அறிவித்தது. மறுநாள் ஊழியர் கூட்டத்தில் எக்ஸ்பாக்ஸ் ஸ்டூடியோக்களின் தலைவர், நமக்குப் பேரும் விருதும் வாங்கித் தரும் சின்ன கேம்கள் தேவை என்று பேசியதாகச் செய்தி வந்தது. சாமி, நேற்றுத்தானே அப்படி ஒன்றைக் கழுத்தை நெரித்தீர்கள்! அங்கதம் எழுதுகிறவன் பிழைப்பில் மண்ணைப் போடுவதற்கென்றே இவர்கள் கூட்டம் போடுகிறார்கள். பிறகு ஒரு கொரிய நிறுவனம் டேங்கோவைக் கைதூக்கி விட்டது என்பது தனிக்கதை.

2023 டிசம்பர் 7 அன்று பால்டர்ஸ் கேட் 3 ஆண்டின் சிறந்த கேம் ஆனது. அந்தக் கதையுலகத்துக்கு உரிமையாளரான ஹாஸ்ப்ரோ நாலே நாளில் 1,100 பேரை நீக்குவதாக அறிவித்தது. கேமைச் செய்த பெல்ஜிய நிறுவனத்தின் தலைவர், தொடக்கத்தில் தன்னோடு உட்கார்ந்து பேசிய ஹாஸ்ப்ரோ பக்கத்து ஆட்களில் அநேகமாக எவரும் மிச்சமில்லை என்று வருந்தினார். ஸ்வீடனின் எம்பிரேசர் குழுமமோ கண்ணில் பட்ட ஸ்டூடியோவையெல்லாம் வாங்கிக் குவித்தது. 2023இல் 200 கோடி டாலர் ஒப்பந்தம் ஒன்று கைநழுவியதும், 1993 முதல் நடந்துவந்த வொலிஷனை அந்த ஆகஸ்டிலேயே இழுத்து மூடியது. சூதாடியவர்கள் மாடியில், பணயம் வைக்கப்பட்டவர்கள் தெருவில்.

தோற்றால்? சோனியின் கான்கார்ட் கேம் 2024 ஆகஸ்ட் 23 அன்று வெளியாகி செப்டம்பர் 6 அன்று நிறுத்தப்பட்டது. அக்டோபரில் அதைச் செய்த ஸ்டூடியோவும் மூடப்பட்டது. வென்றாலும் வெளியே, தோற்றாலும் வெளியே. இந்த விதியோடு ஒரு மாணவர் கேம் செய்து கொண்டுவந்தால் எந்த வாத்தியாரும் மதிப்பெண் போடமாட்டார். ஜெயிக்க வழியே இல்லாத கேமை விளையாட எவன் வருவான் என்று கேட்பார். வருகிறார்களே ஐயா, கட்டணம் கட்டி வருகிறார்களே!

பெரிய கணக்கையும் பார்த்துவிடலாம். மைக்ரோசாஃப்ட் 6,870 கோடி டாலர் கொடுத்து ஆக்டிவிஷன் பிளிசார்டை வாங்கி முடித்தது 2023 அக்டோபரில். 2024 ஜனவரியில் கேமிங் பிரிவில் 1,900 பேர் நீக்கம். அந்த நிதியாண்டில் தலைமைச் செயலதிகாரி சத்யா நாதெல்லாவின் ஊதியம் 7.91 கோடி டாலர். முந்தைய ஆண்டைவிட 63 சதவீதம் கூடுதல். நம்ம ஊர் ஆள் உயரத்தில் இருக்கிறார் என்று நாமும் பூரித்தோம். 2025 ஜூலையில் நிறுவனம் முழுவதும் மேலும் சுமார் 9,000 பேரை நீக்கினார்கள். வருஷக்கணக்கில் உருவாகிவந்த பெர்ஃபெக்ட் டார்க், எவர்வைல்ட் இரண்டும் குப்பைக்குப் போயின. அந்த வாரம் எக்ஸ்பாக்ஸின் நிர்வாகத் தயாரிப்பாளர் ஒருவர், வேலை இழந்தவர்களின் மனப்பாரத்தைக் குறைக்க சாட்ஜிபிடியிடமும் கோபைலட்டிடமும் பேசிப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். ஊர் காறித் துப்பியதும் பதிவை எடுத்துவிட்டார். துக்க வீட்டுக்கு வந்து, தன் கம்பெனி ஊதுவத்தியை விற்றுவிட்டுப் போகிற புண்ணியவான்களின் காலம் இது. அதே மாதம் கேண்டி கிரஷ் செய்யும் கிங் நிறுவனத்தில் 200 பேர்வரை வேலை இழந்ததாகவும், அவர்களில் லெவல் டிசைனர்கள் தாங்களே கட்டிக்கொடுத்த ஏஐ கருவிகளுக்கு இடம்விட்டுப் போனதாகவும் செய்தி வந்தது. தன் குழியைத் தானே வெட்டச் சொல்லி, மண்வெட்டிக்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் மார்க் போட்டிருக்கிறார்கள்.

2023, 2024 இரண்டு வருஷமும் உலகம் முழுக்க இந்தத் தொழிலில் வேலையிழந்தோர் ஆண்டுக்குப் பத்தாயிரத்துக்கும் மேல். அவர்கள் எல்லோரும் எங்கே போவார்கள்? அதே ஜூனியர் வேலைக்கு, உங்கள் பிள்ளையோடு வரிசையில் நிற்பார்கள். அதனால்தான் முதல் வேலைக்கு மூன்று வருஷ அனுபவம் கேட்க முடிகிறது. இந்த ஒரு வரியை விளம்பரத்தில் போடச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நம்ம ஊருக்கு இதெல்லாம் வராது என்பார்கள். 2025 பிப்ரவரியில் பிரான்சின் டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது பெங்களூரில் ஆயிரக்கணக்கான ஆர்ட்டிஸ்ட்கள் சம்பளமும் தெரியாமல் வேலையும் தெரியாமல் நின்றார்கள். கேமுக்கும் படத்துக்கும் உருவமும் அசைவும் செய்துகொடுத்த கைகள். பாரிசில் தும்மினால் பெங்களூரில் சோறு நிற்கும் என்பதுதான் உலகத்தரம் என்று நமக்குச் சொல்லப்படுவதன் பொருள். ஒன்றிய அரசு 2022 பட்ஜெட்டில் அனிமேஷன், கேமிங் துறைக்குப் பணிக்குழு அறிவித்தது. மும்பையில் இதற்கென்று ஒரு கழகமும் வந்துவிட்டது. நல்லது. மேடையில் ஏறும் ஒவ்வோர் அமைச்சரும் இத்தனை லட்சம் வேலை என்கிறார். எத்தனை மணி நேர வேலை, ஓவர்டைமுக்கு இரட்டைக் கூலி உண்டா, ஸ்டூடியோ மூடினால் பாக்கிச் சம்பளத்துக்கு யார் பொறுப்பு? மைக் அந்த இடத்தில் எப்போதும் கரகரத்துவிடுகிறது.

இது இயற்கையின் நியதி, சந்தை அப்படித்தான் என்று தோளைக் குலுக்குகிறவர்கள் நின்டெண்டோவின் தலைவராக இருந்த சடோரு இவாட்டாவை மறந்துவிடுவார்கள். வீ யூ கன்சோல் படுத்துவிட்டபோது, 2014இல் அவர் ஐந்து மாதத்துக்குத் தன் சம்பளத்தைப் பாதியாக வெட்டிக்கொண்டார். ஆட்குறைப்பு செய்தால் என்ன என்று முந்தைய ஆண்டே முதலீட்டாளர்கள் கேட்டிருந்தார்கள். வேலை போய்விடுமோ என்ற பயத்தோடு உட்கார்ந்திருப்பவரால் மக்கள் மனத்தைத் தொடும் கேமைச் செய்ய முடியாது என்பது அவருடைய பதிலின் சாரம். அவரே நிரல் எழுதி வளர்ந்த மனிதர். தோல்விக்கான விலையைத் தலைவர் கொடுக்கலாம் என்று ஒரு விதி சாத்தியம். அதன்படி ஒரு பெரிய நிறுவனம் நடந்தும் காட்டியிருக்கிறது. மற்றவர்கள் அந்த விதியைத் தெரியாமல் விடவில்லை, வேண்டாம் என்று தள்ளினார்கள்.

கீழிருந்தும் விதியை மாற்ற முடியும். 2021 டிசம்பரில் ஆக்டிவிஷனின் ரேவன் சாஃப்ட்வேர் 12 சோதனையாளர்களுக்கு வேலை முடிந்தது என்று சொன்னது. மற்றவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2022 மே மாதம் 19க்கு 3 என்ற வாக்கில் சங்கம் அமைத்தார்கள். ஒரு வகுப்பறையை நிரப்பக்கூடப் போதாத கூட்டம். ஆனால் ஆக்டிவிஷனின் அத்தனை வழக்கறிஞர்களாலும் தடுக்க முடியவில்லை. 2024இல் பெதஸ்டா கேம் ஸ்டூடியோஸில் 241 பேர் சேர்ந்தார்கள். 2025 மார்ச்சில், வேலையில் இருப்பவரும் இழந்தவரும் யாரும் சேரலாம் என்று அமெரிக்கா, கனடா முழுமைக்கும் ஒரு சங்கம் வந்தது. சங்கத்தால் எல்லா வேலைநீக்கமும் நின்றுவிடவில்லை. ஆனால் நீக்கப்பட்டவன் "நான்தான் சரியில்ல" என்று சொல்வது நின்றது. முதலாளிக்கு அதுவே பெரிய நஷ்டம்.

அப்படியானால் இந்தத் தொழிலுக்குப் போகவே கூடாதா? போங்கள். டொராண்டோவிலிருந்து 2023இல் வந்த 'வெண்பா'வில், கனடாவுக்குக் குடியேறிய தமிழ் அம்மா ஒருத்தி, கிழிந்தும் கறைபட்டும் போன தன் தாயின் சமையல் குறிப்பை வைத்து இட்லி அவிப்பதே ஒரு புதிர். அது பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. நம் அடுப்படியிலும் விதிகள் இருக்கின்றன, அவற்றை உலகம் விளையாடும் என்று காட்டிய கேம். விதி செய்யும் கலை அற்புதமான கலை, சந்தேகமே இல்லை. ஆனால் அந்த ஒரு வெண்பாவைச் சுவரில் ஒட்டி வைத்து ஆயிரம் பேரிடம் கட்டணம் வாங்க ஒரு கூட்டம் தயாராக இருக்கிறது என்பதையும் மறக்காதீர்கள்.

கட்டணம் கட்டும் முன் அந்தக் கல்லூரி மேசையில் உட்கார்ந்து கேளுங்கள்: போன வருஷம் முடித்தவர்களில் டிசைனர் என்ற பெயரில் வேலைக்குப் போனவர் எத்தனை பேர், என்ன சம்பளம், இப்போது எங்கே? ஊதா வெளிச்சப் பையனுக்கு வேலை கிடைத்ததா? நேர்காணலில் அவர்கள் உங்களைக் கேட்பார்கள். நீங்களும் கேளுங்கள்: டிசைன் டெஸ்ட்டுக்குக் கூலி எவ்வளவு, ஓவர்டைம் கணக்கு யார் எழுதுவது, பாதியில் போனால் பெயர் போடுவீர்களா, சங்கம் உண்டா? முகம் சுளித்து, "உங்களுக்கு ஆர்வம் இல்லைபோல இருக்கே தம்பி" என்பார்கள். இருக்கிறது சார், அதை உங்களுக்கு இனாமாகத் தருவதாக இல்லை என்று சொல்லுங்கள்.

வேலை போகும் நாள் வந்தால், ராத்திரி உட்கார்ந்து எங்கே தப்பு செய்தோம் என்று தேடாதீர்கள். விதியை ஆராய்வதுதான் நீங்கள் கற்ற தொழில்; இந்த விதியையும் ஆராயுங்கள். அதை எழுதியவருக்குப் பெயர் இருக்கிறது, அறை இருக்கிறது, அந்த வருஷ போனஸ் ஆண்டறிக்கையில் அச்சாகியிருக்கிறது. பக்கத்து நாற்காலிக்காரரோடு சேர்ந்து அந்தப் பக்கத்தைச் சத்தமாகப் படியுங்கள். தப்பு யாருடையது என்று அதில் டாலர் கணக்கில் எழுதியிருக்கும்.